வீட்டுக்குள் ஒரு துவக்கு

சில மாதங்களுக்கு முன்பு, ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் பூசை முடிந்து வெளியே வந்தபோது, எங்கள் ஒழுங்கையில் வசிக்கும் பெரியவர் ஒருவர் என் கையைப் பிடித்து வேப்பமர நிழலுக்கு அழைத்துச் சென்றார். திருகோணமலைத் துறைமுகத்தில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை செய்து ஓய்வு பெற்றவர். அதிகம் பேசாதவர். மூத்த மகன் வெளிநாட்டில். இளைய மகன் கட்டாரிலிருந்து திரும்பி வந்து வீட்டோடு இருக்கிறான்.

"மாஸ்டர், ஒரு விசயம் கேக்க வேணும். சுவாமியிட்டக் கேக்கக் கூச்சமாய்க் கிடக்கு. வீட்டில ஒரு பிஸ்டல் வைச்சிருந்தால் பாவமா?"

காரணம் எனக்குத் தெரியும். ஒழுங்கை முழுவதற்கும் தெரியும். அதற்கு மூன்று கிழமைக்கு முன்பு, நள்ளிரவு தாண்டி இரண்டு மணியளவில், குசினிக் கதவை நெம்பிக்கொண்டு இரண்டு பேர் அவர் வீட்டுக்குள் வந்து, அவருடைய மனைவியின் கழுத்திலிருந்த சங்கிலியை அறுத்துக்கொண்டு போனார்கள். ஒருவன் கையில் கத்தி இருந்தது. அவர் கட்டிலிலேயே இருந்தார். எழும்பவில்லை. "நான் ஒரு ஆம்பிளையாய்ப் பக்கத்தில படுத்திருந்தன் மாஸ்டர்" என்று அவர் சொன்னபோது என் முகத்தைப் பார்க்கவில்லை. போனது மூன்றரைப் பவுண் சங்கிலி. ஆனால் அவர் இழந்ததாகக் கருதியது வேறொன்று என்பது அந்தக் குரலில் தெரிந்தது.

மூத்த மகன் தொலைபேசியில் யோசனை சொல்லியிருக்கிறான். விண்ணப்பத்துக்கு என்னென்ன வேண்டும் என்றும் விசாரித்திருக்கிறார்கள். ரிவோல்வர் நல்லதா, பிஸ்டல் நல்லதா என்றுகூட என்னிடம் கேட்டார். சரித்திரம் படிப்பித்த ஓர் ஆசிரியனிடம் கேட்கிற கேள்வியா அது! யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். யோசித்ததில் சிலவற்றை இங்கே எழுதுகிறேன். கேள்வி அவருடையது மட்டுமல்ல.

முதலில் சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நம் நாட்டில் கைத்துப்பாக்கி கடையில் போய்த் தெரிவு செய்து வாங்கும் பொருள் அல்ல. 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கத் துப்பாக்கிக் கட்டளைச் சட்டம் இன்றும் அடிப்படையாக இருக்கிறது. 1996இல் அதைத் திருத்தித் தண்டனைகளைக் கடுமையாக்கினார்கள். அனுமதிப்பத்திரத்தை வருடாவருடம் புதுப்பிக்க வேண்டும். வயல் காக்கிற கமக்காரனுக்கு சொட்கன் கிடைக்கலாம். தன் உயிருக்கு ஆபத்து என்று கைத்துப்பாக்கி கேட்பவர் பாதுகாப்பு அமைச்சுவரை போக வேண்டும். அந்த ஆபத்து மெய்தானா என்று அங்கே பார்ப்பார்கள். 2024 நவம்பரில் அந்த அமைச்சே, தற்பாதுகாப்புக்கென்று தனியாருக்குக் கொடுத்திருந்த துவக்குகளையும் வெடிகளையும் மீளாய்வுக்காகத் திருப்பி ஒப்படைக்கும்படி அறிவித்தது. சங்கிலி பறிகொடுத்த ஓய்வூதியக்காரருக்கு அனுமதி கிடைக்கும் வாய்ப்பு எவ்வளவு என்பதை வாசகரே ஊகித்துக்கொள்ளலாம்.

அப்படியானால் இதை ஏன் எழுத வேண்டும்? நம்முடைய பிள்ளைகளும் சகோதரரும் அமெரிக்காவில் இருக்கிறார்கள். அங்கே துவக்கு வாங்குவது இவ்வளவு கடினமல்ல, படுக்கையறை லாச்சியில் ஒன்று கிடப்பது புதினமும் அல்ல. இங்கேயும், அனுமதியில்லாத இடியன் துவக்கும் பன்றிக்குக் கட்டுகிற கட்டுத்துவக்கும் காட்டோரக் கிராமங்களில் இல்லை என்று யாரும் சத்தியம் செய்ய மாட்டார்கள். இன்னொரு காரணமும் உண்டு. கட்டிலுக்கடியில் கத்தியோ உலக்கையோ வைத்துக்கொண்டு படுக்கிற ஒவ்வொருவரும் இதே கேள்விக்குத் தமக்குள் ஒரு பதில் வைத்திருக்கிறார்கள்: என் வாசலைத் தாண்டி இரவில் வருகிறவனை நான் என்ன செய்யலாம்?

பெரியவர் "பாவமா?" என்று கேட்டார். அதற்குத் திருச்சபையின் பதில் பலர் நினைப்பதுபோல ஒரே வரியில் முடிவதல்ல.

கெத்சமனித் தோட்டத்தில் இராயப்பர் வாளை உருவி மால்குஸ் என்ற ஊழியனின் காதை வெட்டினார் என்பதை நாம் எல்லோரும் அறிவோம். வாளை உறையில் போடும்படி ஆண்டவர் சொன்னதையும் அந்தக் காதைத் தொட்டுக் குணமாக்கியதையும் அறிவோம். ஆனால் அதே இரவில், இராவுணவு மேசையில், வாள் இல்லாதவன் தன் மேலாடையை விற்றாவது ஒன்று வாங்கட்டும் என்ற பொருளில் அவர் பேசியதும் லூக்காஸ் நற்செய்தியில் இருக்கிறது. சீடர்கள் உடனே இரண்டு வாள்களைக் காட்டுகிறார்கள். போதும் என்கிறார். அந்தப் 'போதும்' என்பது 'இரண்டு போதும்' என்பதா, 'இந்தப் பேச்சுப் போதும்' என்பதா என்று உரையாசிரியர்கள் நூற்றாண்டுகளாக வாதாடி வருகிறார்கள். இரண்டாவதுதான் எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. ஆனாலும் ஒன்றை மறுக்க முடியாது: சீடர்களின் இடுப்பில் அன்று வாள் இருந்தது, அதுவரை அவர்களோடு நடந்தவர் அதைக் கழற்றி எறியச் சொல்லவில்லை.

ஆதித் திருச்சபையின் பெரியோர் இதில் நம்மைவிடக் கண்டிப்பானவர்கள். கள்வன் ஆயுதத்தோடு வந்தாலும் நீதிமான் திருப்பி அடிக்க மாட்டான் என்ற கருத்தைப் புனித அம்புரோஸ் எழுதினார். தன் உயிரைக் காக்க ஒரு தனி மனிதன் இன்னொருவனைக் கொல்வதைப் புனித அகுஸ்தீனார் ஏற்றுக்கொள்ளவில்லை. போர்வீரனுக்கும் அரச பணியாளனுக்கும் மட்டும் விலக்குக் கொடுத்தார். பறிகொடுக்கக்கூடிய ஒன்றுக்காக, பறிகொடுக்க முடியாத ஒன்றைக் கெடுத்துக்கொள்ளாதே என்பதே அவர்களுடைய சிந்தனையின் போக்கு.

எண்ணூறு வருடங்களுக்குப் பின்பு வந்த புனித தோமாஸ் அக்குவீனார் வேறுவிதமாக ஆராய்ந்தார். ஒரே செயலுக்கு இரண்டு விளைவு இருக்கலாம். ஒன்று நான் நாடுவது, மற்றது நான் நாடாமல் கூடவே வருவது. என் உயிரைக் காப்பது நான் நாடுவது. தாக்கியவன் சாவது அதோடு வந்தது. இப்படியென்றால் அது கொலைப் பாவம் அல்ல. ஆனால் ஒரு நிபந்தனை. தேவைக்கு மேலே பலத்தைப் பிரயோகித்தால் அந்தச் செயல் நேர்மை இழக்கிறது. அரச அதிகாரம் இல்லாத தனி மனிதன் கொல்வதையே நோக்கமாகக் கொள்ளலாகாது. 1992இல் வெளிவந்த கத்தோலிக்க மறைக்கல்வி நூலும் 2263ஆம் எண்ணிலிருந்து இதே வழியில்தான் செல்கிறது. அது இன்னும் ஒரு படி மேலே போய், பிறர் உயிருக்குப் பொறுப்பானவனுக்குத் தற்காப்பு உரிமை மட்டுமல்ல, பாரமான கடமையாகவும் இருக்கலாம் என்கிறது. மனைவியின் பக்கத்தில் படுத்திருந்த பெரியவரின் வெட்கத்துக்கு அந்த வசனத்தில் ஓர் ஆதாரம் உண்டு. அதை மறைத்து அவருக்கு ஆறுதல் சொல்ல நான் விரும்பவில்லை.

தோமாஸ் அக்குவீனார் தம் பக்கத்துக்கு ஆதாரமாக எடுத்த மறைநூல் பகுதி யாத்திராகமம் 22ஆம் அதிகாரம். திருடன் கன்னமிடும்போது அகப்பட்டு அடிபட்டு இறந்தால் அடித்தவன்மேல் இரத்தப்பழி இல்லை. ஆனால் சூரியன் உதித்தபின் நடந்தால் இரத்தப்பழி உண்டு. நம் நாட்டுத் தண்டனைச் சட்டக் கோவையைப் பாருங்கள். 1883இல் வெள்ளையர் எழுதியது. அதிலும் உடைமையைக் காக்கும்போது எதிராளிக்கு மரணம் நேரலாம் என்று அனுமதிக்கிற மிகச் சில சந்தர்ப்பங்களுள் இரவில் வீடுடைத்தல் ஒன்று. அதோடு, தேவைக்கு மேலான தீங்கு செய்யக்கூடாது, அதிகாரிகளின் உதவியை நாட நேரம் இருந்தால் அந்த உரிமையே இல்லை என்ற கட்டுப்பாடுகளும் உண்டு. மூவாயிரம் வருட இடைவெளியில் இரண்டு சட்டமும் இரவையும் பகலையும் பிரித்துப் பார்க்கின்றன. ஏன்?

இரவில் யார் வந்தான், எதற்கு வந்தான், கையில் என்ன இருக்கிறது என்று வீட்டுக்காரனுக்குத் தெரியாது. தெரியாமையை மன்னிக்கிற சட்டம் அது. வெளிச்சம் வந்துவிட்டால் அந்த மன்னிப்பு இல்லை. இதை நாம் வழக்கமாக வீட்டுக்காரனுக்குச் சாதகமாகவே வாசிக்கிறோம். எனக்கோ, அந்த இருட்டையே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும் போலிருக்கிறது. காரணம் எங்கள் வீட்டில் நடந்தது.

அப்பாவிடம் துவக்கு இருந்தது. ஒற்றைக் குழாய் பன்னிரண்டு போர் சொட்கன், முறையான லைசன்சோடு. வீடு பாலையூற்றில்; வயல் தம்பலகாமத்துப் பக்கம். காட்டுப்பன்றிக்காக எடுத்த துவக்கு அது. வயலுக்குப் போகாத நாட்களில் சுவரில், திரு இருதய ஆண்டவர் படத்துக்கு இரண்டு முழம் தள்ளித் தொங்கும். வெடிகள் அலுமாரியில். அலுமாரித் திறப்பு அம்மாவின் தலையணைக்குக் கீழே. வீட்டில் எல்லோருக்கும் அது தெரியும்; ஆறு வயதுத் தங்கைக்கும் தெரியும்.

1979ஆம் ஆண்டு, மழைக்காலம். ஒழுங்கையில் கள்வர் நடமாட்டம் என்று பேச்சு. அப்பா துவக்கைக் கட்டிலருகே சாய்த்து வைத்துப் படுக்கத் தொடங்கினார். ஒரு இரவு நாய் குரைத்தது. கிணற்றடியில் ஓர் உருவம் குனிந்து நிமிர்ந்தது. அப்பா வெடியைப் போட்டுத் துவக்கை மடக்கி ஜன்னல் கம்பியில் வைத்தார். அந்தச் சத்தம், இரும்பு இரும்பில் பொருந்துகிற அந்தச் சின்னச் சத்தம், இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. "ஆரடா அது?" என்றார். மழைச் சத்தத்தில் பதில் இல்லை. அப்போது அந்த உருவம் இருமியது. அம்மா பாய்ந்து குழாயை மேலே தட்டினாள்.

அண்ணன். துறைமுகத்தில் இரவு வேலை. கப்பல் வரவில்லையென்று நேரத்தோடு திரும்பி, சேற்றுக் காலைக் கழுவிக்கொண்டு நின்றான். அவனுடைய இருமல் மற்றவர் எவருக்கும் வெறும் இருமல்தான். பெற்றவளுக்கு மட்டும் அது அடையாளம்.

அப்பா கெட்டவர் அல்ல, முரடரும் அல்ல. யாத்திராகமமும் தண்டனைச் சட்டக் கோவையும் அன்று அவரை மன்னித்திருக்கும். அந்த மன்னிப்பால் எங்கள் வீட்டுக்கு என்ன பிரயோசனம்? தோமாஸ் அக்குவீனார் கேட்கிற அளவான பலம் என்பது அளக்கத் தெரிந்தவனுக்கு உரியது. தடியோடு இருட்டில் போகிறவனுக்கு, கிட்டப் போய்ப் பார்க்க வேண்டிய கட்டாயம் இருக்கிறது. போகிற பத்து அடியில் முகம் தெரிந்துவிடும். துவக்கு அந்தப் பத்து அடியை இல்லாமல் செய்கிறது. அதன் பலமும் ஆபத்தும் ஒரே இடத்தில்தான் இருக்கின்றன.

அந்தத் துவக்கு பின்பு என்னவாயிற்று என்று கேட்பீர்கள். 1980களின் நடுப்பகுதியில் ஒரு நாள் சிலர் அதைக் கேட்டு வந்தார்கள். யார் என்று எழுத வேண்டியதில்லை. அந்த வருடங்களை அறிந்தவர்களுக்கு விளங்கும். அப்பா மறுபேச்சில்லாமல் எடுத்துக் கொடுத்தார். எங்களைக் காக்க இருந்த பொருள்தான் அன்று ஆயுதக்காரரை எங்கள் வாசலுக்கு அழைத்து வந்தது. 1983இலும் 1985இலும் 1990இலும் 2006இலும் இந்த மாவட்டத்து மக்கள் ஓடியபோது கோவிலுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் காட்டுக்கும்தான் ஓடினார்கள். தன் வீட்டுத் துவக்கால் தப்பினேன் என்று சொல்லும் ஒருவரை நான் இதுவரை சந்தித்ததில்லை. எங்காவது இருந்தால் எனக்கு எழுதட்டும்; திருத்திக்கொள்வேன்.

இது என் குடும்பக் கதை. ஒரு குடும்பத்தின் கதையை வைத்து ஊருக்குச் சட்டம் எழுத முடியாது. ஆகவே துவக்கு நிறைந்த நாட்டில் எண்ணிப் பார்த்தவர்கள் என்ன கண்டார்கள் என்று பார்ப்போம்.

அமெரிக்காவில் 2022இல் துவக்கால் இறந்தவர்கள் ஏறக்குறைய 48 ஆயிரம் பேர். கள்வரும் கொலைகாரரும் என்று நாம் நினைப்போம். அவர்களில் ஏறக்குறைய 27 ஆயிரம் பேர் தம்மைத் தாமே சுட்டுக்கொண்டவர்கள். கலிபோர்னியா மாநிலத்தில் இரண்டரைக் கோடிக்கு மேற்பட்ட வயதுவந்தோரை 2004 முதல் 2016 வரை பதிவேடுகள் மூலம் தொடர்ந்து பார்த்த ஆய்வு 2020இல் வெளிவந்தது. கைத்துப்பாக்கி வைத்திருந்த ஆண்கள், வைத்திராதவர்களைவிட, துவக்கால் தற்கொலை செய்துகொண்டது ஏறக்குறைய 8 மடங்கு அதிகம். பெண்களில் 35 மடங்கு. அதே ஆராய்ச்சியாளர்கள் 2022இல் இன்னொன்றை எழுதினார்கள். தம்மிடம் துவக்கு இல்லாமல், கைத்துப்பாக்கிக்காரரோடு ஒரே வீட்டில் வாழ்கிறவர்களைப் பார்த்தார்கள். அப்படி வாழ்கிறவர்கள் கொலையுண்டு இறப்பது இரண்டு மடங்குக்கு மேல். வீட்டுக்குள் வாழ்க்கைத் துணையால் சுடப்பட்டு இறப்பது ஏழு மடங்கு. இறந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். பாதுகாப்புக்கு என்று வாங்கப்படுகிற பொருள், யாருடைய பாதுகாப்புக்கு என்று சொல்லி வாங்கப்படுகிறதோ அவளுக்கே எமனாகிறது.

"மனம் வைத்தவன் எப்படியும் செய்வான், துவக்கு இல்லாவிட்டால் வேறு வழி" என்று ஒரு பேச்சு உண்டு. நாமும் அப்படித்தான் நம்பியிருந்தோம். நம் நாடே அது பிழையென்று உலகத்துக்குக் காட்டியிருக்கிறது. 1990களின் நடுவில் இலங்கையின் தற்கொலை வீதம் உலகத்திலேயே மிக உயர்ந்தவற்றுள் ஒன்று. இலட்சம் பேருக்கு 40க்கும் மேல். வயலுக்கு வாங்கிய மருந்தே கைக்கெட்டிய வழியாக இருந்தது. மிகக் கொடிய பூச்சிமருந்துகளை 1995இலும், பின்பு 1998இலும், 2008 முதல் 2011 வரையிலும் அரசு ஒவ்வொன்றாகத் தடை செய்தது. இருபது வருடத்தில் தற்கொலை 70 வீதமளவுக்குக் குறைந்தது. மக்களின் துக்கம் குறைந்தா குறைந்தது? அதே வருடங்களில்தான் யுத்தமும் சுனாமியும் வந்தன. துக்கம் கனத்து நின்ற அந்த ஒரு மணித்தியாலத்தில் கைக்கு எட்டியது முன்னைப்போலக் கொல்லவில்லை, அவ்வளவுதான். தப்பியவர்களில் பெரும்பாலோர் பின்பு வாழ்ந்தார்கள். சான்பிரான்சிஸ்கோ பாலத்திலிருந்து குதிக்க வந்து தடுக்கப்பட்ட 515 பேரை ஒருவர் தேடிப் போய் 1978இல் எழுதினார்: பத்தில் ஒன்பதுக்கு மேற்பட்டோர் அதன்பின் தற்கொலை செய்துகொள்ளவில்லை. துவக்கோ, நினைத்தவனுக்கு இரண்டாம் யோசனைக்கு இடம் கொடுப்பதில்லை. சுட்டுக்கொண்டவர் பத்துப் பேரில் எட்டு ஒன்பது பேர் இறந்துவிடுகிறார்கள்.

"பூட்டி வைத்தால்?" என்பது நியாயமான கேள்வி. இதைப் பற்றியும் நம் பக்கத்து மாவட்டமான அநுராதபுரப் பகுதியில் ஒரு பெரிய பரீட்சை நடந்தது. 180 கிராமங்களில் 53 ஆயிரத்துக்கு மேற்பட்ட வீடுகளை எடுத்து, பாதிக் கிராமங்களில் பூச்சிமருந்தைப் பூட்டி வைக்கப் பெட்டிகள் கொடுத்தார்கள். மூன்று வருடம் பார்த்தார்கள். 2017இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் முடிவு வந்தது: பெட்டி கொடுத்த ஊருக்கும் கொடுக்காத ஊருக்கும் வித்தியாசம் இல்லை. இதைப் படித்தபோது எனக்கு ஆச்சரியம் வரவில்லை. அம்மாவின் தலையணைதான் ஞாபகத்துக்கு வந்தது. திறப்பு எங்கே என்று வீட்டுக்காரருக்குத் தெரியும். அபாயத்தில் இருப்பவரும் அந்த வீட்டுக்காரர்தான். மருந்தை ஊரிலிருந்தே எடுத்தது பலித்தது; ஊருக்குள் வைத்துக்கொண்டு பூட்டியது பலிக்கவில்லை. இஸ்ராயேல் இராணுவமும் 2006இல், வார இறுதியில் வீடு போகும் இளம் சிப்பாய்கள் துவக்கை முகாமிலேயே விட்டுப் போகட்டும் என்று கட்டளையிட்டது. அவர்களுக்குள் தற்கொலை 40 வீதம் குறைந்தது.

பூட்டு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வயலுக்கு லைசன்ஸ் துவக்கு வைத்திருப்பவர்கள் நம் வாசகரிலும் இருப்பார்கள். யானையும் பன்றியும் வருகிற ஊரில் அவர்களை நான் குறை சொல்லப் போவதில்லை. அவர்களுக்கு மறைநூலில் இரண்டு இடங்கள் இருக்கின்றன. பிரசங்கங்களில் அதிகம் கேட்டிராத இடங்கள். வீடு கட்டினால் மொட்டை மாடிக்குக் கைப்பிடிச் சுவர் கட்டு, ஒருவன் விழுந்து செத்தால் அந்த இரத்தப்பழி உன் வீட்டின்மேல் வரும் என்கிறது உபாகமம் 22ஆம் அதிகாரம். மாடு முட்டும் என்று தெரிந்தும் கட்டி வைக்காதவனை, அது முட்டிக் கொன்றபோது கொலைக்குப் பொறுப்பாளியாக்குகிறது யாத்திராகமம் 21ஆம் அதிகாரம். முட்டியது மாடுதான், நான் அல்ல என்ற சாக்கு அங்கே செல்லாது.

ஆகவே துவக்கு உள்ள வீட்டில், அது எப்போதும் வெடி கழற்றியபடி இருக்க வேண்டும். சுவரோடு இறுக்கிய இரும்பு அலுமாரியில் பூட்டி இருக்க வேண்டும். வெடிகள் வேறோர் இடத்தில், வேறு பூட்டில். திறப்பு பொறுப்பான ஒருவரிடம் மட்டும், அவருடைய உடம்போடு. தலையணைக்குக் கீழோ, சுரூபத்துக்குப் பின்னாலோ, அரிசிப் பானைக்குள்ளோ அல்ல. பிள்ளைகள் நாம் நினைப்பதற்கு ஐந்து வருடம் முன்பே அந்த இடங்களைக் கண்டுபிடித்துவிடுகிறார்கள். பெரியவர் ரிவோல்வரா பிஸ்டலா என்று கேட்டாரே, அதிலும் ஒன்று சொல்ல இருக்கிறது. ரிவோல்வரின் உருளையை வெளியே தள்ளினால் வெடி இருக்கிறதா இல்லையா என்று கண்ணுக்குத் தெரியும். பிஸ்டலில் வெடிக்கூட்டைக் கழற்றிய பின்னும் குழாயின் அடியில் ஒரு வெடி தங்கியிருக்கலாம். 'வெறும் துவக்கு' என்று எண்ணி விளையாட்டாகவோ துடைக்கும்போதோ நடந்த சாவுகளுக்கு இந்த ஒற்றை வெடி ஒரு பழைய காரணம்.

ஆனால் இங்கேதான் சிக்கல் இறுகுகிறது. இப்படி வைத்த துவக்கு, இரவு இரண்டு மணிக்குக் கழுத்தில் கத்தி வைத்தவனுக்கு எதிராக உதவுமா? இருட்டில் திறப்பைத் தேடி, அலுமாரியைத் திறந்து, மற்றப் பூட்டைத் திறந்து, வெடியைப் போட்டு... அவன் அதுவரை பார்த்துக்கொண்டு நிற்பானா? உதவ வேண்டுமென்றால் வெடி போட்டபடி கையெட்டில் இருக்க வேண்டும். கையெட்டில் இருந்தால் அது எல்லோருடைய கையெட்டிலும் இருக்கிறது. விரல் ரேகையில் திறக்கிற பெட்டிகள் இன்றைக்கு இருக்கின்றன என்பார்கள். குழந்தையை அது தடுக்கும். பெட்டிக்குச் சொந்தக்காரனை யார் தடுப்பது? பயிர் காக்கிற துவக்கில் இந்தச் சிக்கல் இல்லை; பன்றி வரும் நேரம் தெரியும், எடுத்துப் போய்த் திருப்பிக் கொண்டுவந்து பூட்டலாம். மனிதனுக்கென்று வைத்திருக்கிற துவக்கில் அந்த வசதி கிடையாது. எனக்குக் கைத்துப்பாக்கி வேண்டாம் என்று தீர்மானிக்க வைத்தது, மற்றெல்லாவற்றையும்விட இதுதான்.

என் தீர்மானத்தை எல்லோர் மேலும் சுமத்த எனக்குத் துணிவு இல்லை. பெயர் சொல்லிப் பயமுறுத்தப்பட்டு வாழ்ந்த மனிதர்கள் நம்மிடையே இருந்தார்கள். ஜோசப் பரராஜசிங்கம் அவர்கள் 2005ஆம் ஆண்டு நத்தார் நள்ளிரவுப் பூசையில், மட்டக்களப்பு மரியாள் பேராலயத்துக்குள், சுட்டுக் கொல்லப்பட்டார். பக்கத்திலிருந்த மனைவியும் காயப்பட்டார். அப்படிக் குறி வைக்கப்பட்ட ஒருவர் தமக்கு ஆயுதக் காவல் கேட்டால், அதைப் பாவம் என்று சொல்ல என் வாய் வராது. ஆனால் குறி வைத்து வருகிறவன், எந்த இடத்தில் நம் கையில் ஒன்றும் இருக்காது என்று பார்த்தே வருகிறான் என்பதையும் அந்த இரவு காட்டிற்று.

பெரியவரிடம் திரும்பிப் போக எனக்கு ஒரு கிழமை எடுத்தது. மேலே எழுதியவற்றைச் சொல்லப் பயப்படவில்லை. அவரிடம் கேட்க வேண்டிய ஒரு கேள்விக்குத்தான் பயந்தேன். அவருடைய இளைய மகனை நான் படிப்பித்தேன். கலகலப்பான பிள்ளை. கட்டாரிலிருந்து வந்த பிறகு பூசைக்கு வருவதில்லை, பந்து விளையாடப் போவதில்லை. எங்கள் வீட்டு மாடியிலிருந்து பார்த்தால், அவனுடைய அறையில் விடியும்வரை வெளிச்சம் எரிவது தெரியும்.

விறாந்தையில் இருந்து பேசினோம். குசினிக்கு இரும்புக் கதவு போடுவது, பின் வளவுக்குத் தானாக எரிகிற லைட், ஒழுங்கையில் ஏழு வீட்டாரும் இரவில் ஒருவரையொருவர் அழைக்க ஓர் ஏற்பாடு, 119ஐ மறவாமல் அழைப்பது, எல்லாவற்றையும் பேசினோம். அவர் தலையாட்டினார். பிறகு சொன்னார்: "நீங்கள் சொல்றதெல்லாம் சரி மாஸ்டர். திரும்பவும் வந்து அவளை ஏதும் செய்தாங்கள் எண்டால், நீங்களா வந்து பதில் சொல்லுவீங்கள்?"

என்னிடம் பதில் இல்லை. இல்லை என்றுதான் சொன்னேன். பிறகு கேட்டேன்: "ஐயா, தம்பி எப்படி இருக்கிறான்?"

அவர் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. "அவனுக்கென்ன, இருக்கிறான்" என்றார். பிறகு, "அவனைப் பற்றி உங்களுக்கு ஆர் சொன்னது?" என்றார். யாரும் சொல்லவில்லை, வெளிச்சம் தெரிகிறது என்றேன். அவர் எழும்பி உள்ளே போனார். கோபம் என்று நினைத்தேன். திரும்பி வந்தபோது கையில் தேநீர் இருந்தது. அவரே ஊற்றியது, சீனி மிக அதிகம்.

துவக்கைப் பற்றி அன்று அதற்கு மேல் பேசவில்லை. மனநலத்துக்கு 1926 என்ற இலக்கம் இருப்பதை ஒரு கடதாசியில் எழுதிக் கொடுத்தேன். ஆஸ்பத்திரிக்குக் கூட வருவதாகவும் சொன்னேன். கடதாசியை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். இரும்புக் கதவு போன மாதம் பூட்டியாயிற்று. விண்ணப்பத்தைப் பற்றி அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. போன வெள்ளிக்கிழமை தகப்பனும் மகனும் காலையில் ஒன்றாக பஸ்ஸுக்கு நின்றதைக் கண்டேன். எங்கே போனார்கள் என்று தெரியாது.